பின்பக்கம் அச்சாகாத நோட்டு

ஆடி 14, வியாழன்.

பழைய நாணயம், நோட்டு விற்கும் தரகர் இன்று மறுபடியும் அச்சகத்துக்கு வந்தார். ஜெர்மனியில் விலைவாசி மணிக்கொரு தரம் ஏறிய காலத்தில் ஏதோ ஒரு நகராட்சி அவசரத்துக்கு அடித்த நோட்டு அவரிடம் இருக்கிறது. கண்காட்சிக்கு வேண்டுமென்று அதைப் போலவே அச்சடிக்கச் சொல்லியிருந்தார். ஒரு பக்கம்தான் அச்சு. மறுபக்கமும் அடித்து மை காய்வதற்குள் நோட்டின் மதிப்பே போய்விடுமாம்.

மூலையில் ‘நகல்’ என்று போட்டு புரூஃப் காட்டினேன்.

“அந்த எழுத்தை எடுத்துருங்கக்கா. தாளையும் டீத்தண்ணியில நனைச்சுக் குடுத்தீகன்னா நூறு வருசத்துப் பழசாட்டம் தெரியும்.”

அசல் என்று சொல்லி விற்கப் போகிறார் என்பது அப்போதுதான் புரிந்தது.

“அது நடக்காதுண்ணே” என்றேன்.

“எங்க மச்சான் கம்பெனி வெடி லேபிள் ஆர்டர் பூராம் உங்களுக்குத்தான். நாளைக்கு யோசிச்சுச் சொல்லுங்க.”

மிஷின் ஓட்டும் மாரியண்ணன் என்னையே பார்த்தார். தீபாவளி சீசனிலும் ஒரு மிஷின் சும்மா நிற்கிறது.

காலண்டரோ கல்யாணப் பத்திரிகையோ, அடியில் எங்கள் பெயர் பொடி எழுத்தில் இல்லாமல் ஒரு தாளும் வெளியே போனதில்லை. புது புரூஃப் எடுத்து வைத்துவிட்டேன். தரகர் கேட்டபடி முன்பக்கத்தில் ‘நகல்’ இல்லை. பின்பக்கம் முழுக்க எங்கள் அச்சகத்தின் பெயரும் சிவகாசியும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன.

அவ்வளவு இடம் காலியாகத்தானே கிடந்தது.