பித்தளைச் சுத்தியல் கேட்டேன்

என் உயிரான கவிதா அப்பாவுக்கு,

கூப்பிட்டால் "என்னா புள்ள" என்று கேட்க ஆள் இல்லை என்று தெரிந்துதான் கூப்பிடுகிறேன். சேதி சேர்ந்து கிடக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நம் வீட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாள் கழன்றுவிட்டது. மழை ஈரத்தில் பலகை ஊதிப்போய் இறுகிக் கிடந்தது. நான் வெறியோடு இழுத்ததில் திருகாணியெல்லாம் பிடுங்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. வாடகை வீட்டில் இருந்தவரை இப்படி ஏதாவது ஆனால் வீட்டுக்காரம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நம் வேலையைப் பார்ப்போம். சொந்த வீட்டில் யாரிடம் சொல்வது?

அன்றைக்குத்தான் வீடு முழுக்கத் தேடினேன். சுத்தியல் இல்லை, திருப்புளி இல்லை, ஓர் ஆணிகூட இல்லை. கட்டும்போது நம் கையில் புழங்கியதெல்லாம் கொத்தனார் சாமான், தச்சர் சாமான். வேலை முடிந்ததும் அவரவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். "தீவாளி களியட்டும் புள்ள, ஒரு பெட்டி நிறைய நம்ம சாமானா வாங்கிருவோம்" என்று சொன்னீர்கள். பால் காய்ச்சிய அடுப்பில் கரி படியுமுன்னே போய்விட்டீர்கள்.

கதவு திறந்து கிடந்தால்கூடப் பரவாயில்லை. காற்று வந்தால் 'டமால்' என்று அறைகிறது. அறைகிறபோதெல்லாம் கவிதா காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் குந்திவிடுகிறாள். அன்று பள்ளிக்கூடத்தில் அவள் கேட்ட சத்தம் இன்னும் அவளை விடவில்லை. என்னை மட்டும் விட்டதா? எங்கள் கம்பெனியில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தேன். தரை அதிர்ந்தது. எல்லோரும் வெளியே ஓடிவந்து புகை எந்தப் பக்கம் என்று பார்த்தோம். உங்கள் பட்டாசு ஆலையின் மருந்து அறை இருக்கிற பக்கம்.

கல்லை முட்டுக்கொடுத்துப் பார்த்தேன். கயிறு போட்டுக் கட்டினேன். தச்சருக்குச் சொல்லி அனுப்பினால் "நாளைக்கு வாரேன்" என்கிறார், வருவதில்லை. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவகாசிக்குப் பஸ் ஏறினேன்.

இரும்புக் கடைக்காரர் "என்னக்கா வேணும்?" என்றார்.

"வீட்டுக்கு வேண்டிய சாமான்."

"என்ன சாமான்னு சொல்லுங்க."

"தெரியலை தம்பி. புது வீடு. ஒண்ணுமே கிடையாது."

"வீட்ல அண்ணனை வரச் சொல்லுங்க. பார்த்து எடுத்துக்கிடட்டும்."

"அவுக வர மாட்டாக" என்றேன்.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவராகவே ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்: தட்டைத் திருப்புளி, நட்சத்திரத் திருப்புளி, கட்டிங் பிளேயர், ஸ்பேனர், கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர். குழாய் ஒழுகினால் சுற்ற ஒரு வெள்ளை டேப், ஒரு பொட்டலம் ஆணி. கடைசியாகச் சுத்தியல். கறுப்பு இரும்பு. எனக்குக் கை பின்னுக்குப் போனது.

"தம்பி, பித்தளையில சுத்தியல் இருக்கா?"

அவர் சிரித்துவிட்டார். "வீட்டுக்கு எதுக்குக்கா பித்தளை? எந்த ஊரு நீங்க?"

"புதுப்பட்டி."

சிரிப்பு அப்படியே நின்றுபோனது. எங்கள் ஊர்ப் பக்கம் ஆலை வெடித்த சேதி அவருக்கும் தெரிந்திருக்கும். சுத்தியலைத் தாளில் சுற்றி, பையின் அடியில் வைத்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து ஆணியைக் கதவுப் பலகைமேல் நிறுத்தினேன். பழைய துளை பெரிதாகிவிட்டது. கொஞ்சம் மேலே புதுத் துளை போட்டால்தான் திருகாணி பிடிக்கும். சுத்தியலை ஓங்கியும்விட்டேன். கை இறங்கவில்லை. கொண்டை ஊசியைக்கூடக் கேட்டில் கழற்றிக் கொடுத்துவிட்டு உள்ளே போகிற பிழைப்பு நமக்கு. இரும்பும் இரும்பும் இடித்தால் பொறி பறக்கும், அதனால்தான் அங்கே சுத்தியல்கூடப் பித்தளை என்று எனக்கா தெரியாது?

கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். குறி தப்பித் தாழ்ப்பாள் நுழையும் இரும்பு வளையத்தில் பட்டது. பொறி பறந்ததோ, எனக்குத்தான் அப்படித் தெரிந்ததோ. சுத்தியலைப் போட்டுவிட்டுக் கவிதாவை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவிட்டேன். பட்டப்பகல். மழை தூறிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டிலும் ஆட்கள் மருந்து வேலைக்குத்தான் போகிறார்கள்.

கவிதா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "அம்மா, இங்கன மருந்து இல்லம்மா. இது நம்ம வீடும்மா."

பயப்படுகிற பிள்ளை எனக்குத் தைரியம் சொல்கிறது. உங்களைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது, முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று தடுத்தார்களே, அன்றைக்குக்கூட எனக்கு அழுகை வரவில்லை. அந்தத் தெருவில் நின்று அழுதேன். அவளும் அழுதாள்.

பிறகு உள்ளே போனோம். அவள் காதைப் பொத்திக்கொண்டாள். நான் அடித்தேன். கட்டைவிரல் நசுங்கி நகம் கறுத்துவிட்டது. தாழ்ப்பாள் கோணலாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் கதவு அடைகிறது.

அடைத்த பிறகுதான் வீடு எம்புட்டு வெறுமையாகக் கிடக்கிறது என்று தெரிந்தது. கதவு அறைந்துகொண்டிருந்தவரை பயமாவது துணைக்கு இருந்தது. இப்போது அதுவும் இல்லை. நீங்கள் தண்ணீர் ஊற்றி ஊற்றி உறுதியாக்கிய சுவர்களுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருக்கிறோம். சர்க்கார் கொடுத்த கலர் டிவி வந்திருக்கிறது. போடச் சொல்லி அவளும் கேட்பதில்லை.

திருத்தங்கலில் இருந்து என் அண்ணன் வந்திருந்தார். "எம்மா, தனியா கிடந்து ஏன் சாகுற? வித்துட்டு எங்கூட வந்துரு" என்றார். விற்றால் எனக்கு நிம்மதி வருமா? இருந்தால் மட்டும் வருமா? விடிந்தால் நானும் நீங்கள் போனது போலவே கம்பெனி வேனில்தான் ஏறிப் போகிறேன். சாயங்காலம் திரும்பி வருவேனா என்று கவிதா கேட்பதில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?

உங்களிடம் ஒன்று மட்டும் சொல்ல முடிகிறது. இந்த வீட்டை அண்ணன் சொன்னார் என்று விற்கவும் மாட்டேன், கரையானுக்குக் கொடுக்கவும் மாட்டேன். ஒழுகினால் அடைப்பேன். கழன்றால் முடுக்குவேன். அடிக்க வேண்டியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டாவது அடிப்பேன். சந்தோசமாக இருப்பேனா என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு என்னிடம் வாக்கு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி
முத்துமாரி