நாபிக் கிழங்கு கேட்ட மகளுக்கு

அன்பு மகள் யுன்லானுக்கு அப்பா எழுதுறது. இங்கே நானும் கோவேறு கழுதையும் ஒருத்தர்மேல ஒருத்தர் எரிஞ்சு விழுந்துக்கிட்டு நல்லாத்தான் இருக்கோம், அங்கே ஹார்பின் குளிர்ல நீயும் மாப்பிள்ளையும் குழந்தை மெங்யாவும் எப்படி இருக்கீங்களோன்னுதான் நெனப்பு. வால்நட் மரம் இந்த வருஷம் ஏமாத்திடுச்சு. பன்னி மட்டும் நல்லாக் கொழுத்திருக்கு, உப்புப் போட்டுத் தொங்கவிட்டதும் ஒரு தொடை உனக்கு வரும். உன் சித்தப்பா ஷுன்தேவுக்குப் பல்லு ரெண்டு போச்சு, வாய் மட்டும் குறையல.

நீ கேட்ட நாபிக் கிழங்கை நான் அனுப்பப் போறதில்ல. மாப்பிள்ளைக்கு முட்டி வலி தாங்கலன்னு எழுதியிருந்தே, பன்னிக் காலோட சேர்த்து வேகவெச்சுக் கொடுக்கணும்னு கேட்டிருந்தே, வாஸ்தவம்தான், நம்ம மலைச் சனம் குளிருக்கும் மூட்டு வலிக்கும் அதைத்தான் தின்னுக்கிட்டு வருது. சாராயத்துல ஊறப்போட்டுத் தேய்க்கவும் செய்வாங்க, அதை ஒரு வாய் குடிச்சாலும் ஆளு போச்சு, தோல்ல கீறல் இருந்தாத் தேய்க்கவும் கூடாது. ஆனா நான் மாட்டேங்கிறது அதுக்காக இல்ல. உன் கடுதாசியில கடைசியா ஒரு வரி எழுதினே பாரு, "பயப்படாதீங்கப்பா, தின்ன பிறகு யாரையும் காத்துல வெளியே கூப்பிடமாட்டேன், எனக்குத்தான் தெரியுமே"ன்னு, அதைப் படிச்சதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. ஃபோன்ல சொன்னா நீ குறுக்கே பேசுவே, நானும் அதைச் சாக்கா வெச்சுப் பாதியிலே நிறுத்திடுவேன், அதான் எழுதுறேன்.

உனக்கு அப்போ ஒம்பது வயசு. பகல் சுருங்கிப்போற தோங்ஜி அன்னைக்கு நம்ம வீட்டுல பானை. விடியறதுக்கு முன்னே ஏத்தி, அடுப்பு அணையாமப் பாத்து, பொழுது சாயறப்போ இறக்குறது வழக்கம், நாள் பூரா வெந்தாத்தான் அந்தக் கிழங்கோட விஷம் முறியும். பானையைப் பாத்துக்கிட்டவன்தான் முதல்ல தின்னணும், ஒரு மணி நேரம் சும்மா உக்காரணும், நாக்கு மரத்துப்போகலேன்னா அப்புறம்தான் மத்தவங்க கிண்ணத்தைத் தொடணும். அன்னைக்குப் பானைக்காரன் நான். மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச நேரத்துல, சொல்லாமக்கொள்ளாம உன் சித்தியோட பொறந்த வீட்டு ஆளுங்க ஏழு பேரு வந்து நின்னாங்க. பானையில எட்டிப் பாத்தேன், கிழங்கு நாலு பேருக்குத்தான் வரும். நம்ம தோங் குடும்பத்து வீட்டுல விருந்தாளிக்கு வெறும் கொழம்பை ஊத்தினாங்கன்னு ஊரெல்லாம் பேசிடுவாங்களேன்னு ஒரு வீம்பு. யாரும் பாக்காதப்போ இன்னும் மூணு கிழங்கை நறுக்கிப் போட்டுட்டேன். ஆமா யுன்லான், நான்தான் போட்டேன்.

சாயங்காலம் முதல்ல நான் தின்னேன். எனக்கு வந்தது காலையில போட்ட துண்டு, வெண்ணெயாட்டம் கரைஞ்சது. ஒரு மணி நேரம் கழிச்சு, "நாக்கு என் பேச்சைக் கேக்குது, எல்லாரும் உக்காருங்க"ன்னு பெருசா ஜோக் அடிச்சேன், எல்லாரும் சிரிச்சாங்க. உங்கம்மா சுய்பிங் அள்ளி வைக்கிறப்போ என் காதுகிட்ட வந்து, "ஏங்க, கிழங்கு கூடத் தெரியுதே, சிலது கெட்டியா வேற இருக்கு"ன்னா. "பேசாம வைடி, வெந்து உப்பியிருக்கும்"னேன். அவ என்னை நம்பினா. ஆனாலும் கெட்டியா இருக்கிறதை விருந்தாளிக்கு வைக்கிறது மரியாதையில்லைன்னு, அந்தத் துண்டையெல்லாம் தன் கிண்ணத்துல போட்டுக்கிட்டா. தின்னு முடிச்ச கையோட நீ வாசல்லேர்ந்து, "அம்மா ஓடி வா, மலையில பனி விழுந்திருக்கு"ன்னு கத்தினே, அவ தலையில துணிகூடப் போடாம ஓடினா. திரும்பி வந்து உதட்டைத் தேய்ச்சுக்கிட்டே உதடு மரத்துப்போகுதுன்னா. அப்போவும் நான் வாயைத் திறக்கல. பச்சைப்பயறுத் தண்ணி கொடு, தேன் கொடுன்னு ஆளாளுக்குச் சொல்லி ஒரு மணி நேரம் போச்சு, வண்டி கெடைச்சு ஆஸ்பத்திரி சேர்றதுக்குள்ள அவ நெஞ்சு கன்னாபின்னான்னு அடிச்சு நின்னுபோச்சு. கிழங்கு தின்ன உடம்புல காத்து பட்டா ஆகாது, பட்டுடுச்சு, அந்தப் பொண்ணு கூப்பிட்டதாலதான்னு உன் சித்தி ஒப்பாரி வெச்சா. நீ தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னே. நான் கேட்டுக்கிட்டுச் சும்மா இருந்தேன். இருபத்திமூணு வருஷமா சும்மாவே இருந்துட்டேன்.

ஒவ்வொரு தோங்ஜிக்கும் நான் சுட்ட அரிசிக் கட்டியைத் தவிர வேற எதையும் தொடறதில்ல, ஆனாலும் பொழுது சாயறப்போ என் நாக்கு மரத்துப்போகுது. எதிர்ல உங்கம்மா உக்காந்து உதட்டைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கா. ஒரு வார்த்தை திட்டினாலாவது தேவலை, அவ என்னைப் பாக்கக்கூட மாட்டேங்குறா, நீ பிடிச்சுக்கிட்டு நின்ன அந்தத் தூணையே பாக்குறா. பைத்தியம்னு நெனச்சாலும் நெனச்சுக்கோ.

இந்தக் கிழங்கு யார் வீட்டுல எப்படி வெந்ததுன்னு தின்னுறவனுக்குத் தெரியாது, அதனால மாப்பிள்ளைக்கு அது வேண்டவே வேண்டாம், கடையில விக்கிற கிழங்குச் சாராயமும் வேண்டாம். முட்டியை டாக்டர்கிட்டக் காட்டு. எங்கேயாவது தப்பித்தவறித் தின்னு நாக்கு விறுவிறுன்னா பயறு, தேன்னு நிக்காம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடு, என்ன தின்னே, எப்போ தின்னேன்னு ஒண்ணையும் மறைக்காமச் சொல்லு. நான் மறைச்சேன்.

இனிமே எனக்கு நீ கடுதாசி போடலேன்னாலும் அது நியாயம்தான். நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாம நல்லா இருக்கணும், இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கோ இல்லையோ சொல்றேன். மெங்யா பனி பாக்க வாம்மான்னு கையைப் பிடிச்சு இழுத்தாலும் நீ வெளியே வர்றதில்லையாமே, மாப்பிள்ளை போன மாசம் ஃபோன்ல வருத்தப்பட்டார். அடுத்த தடவை அவ கூப்பிட்டா போ கண்ணு. உங்கம்மா அன்னைக்கு வாசல்ல நின்னு சிரிச்ச சத்தம் உள்ளே எனக்குக் கேட்டுச்சு.

இப்படிக்கு,
உன் அப்பா
தோங் ஷுன்ஃபா