திங்கட்கிழமை நேர்ச்சை

மஹய்யாவ, கண்டி
15.11.1939

அன்பு றீற்றாவுக்கு,

நலம். நீயும் அத்தையும் நலமா என்று கேட்கவே அச்சமாக இருக்கிறது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து என்னைத் துரத்தியவர்கள் இப்போது ஹந்தானை ரோட்டில் காவல் போட்டிருக்கிறார்கள். தொழிலாளர் சங்கத்து ஆள் உள்ளே கால் வைத்தால் பொலிஸ். தபாலும் தோட்டத்து ஆபீஸ் வழியாகத்தான் வரும். ஆகவே இனி நம் கடிதங்கள் கட்டுகஸ்தோட்டைப் புடைவைக்காரர் முஹைதீன் நானாவின் மூட்டையில்.

சங்கத்தில் சேர்ந்த நாலு குடும்பத்துக்கும் பற்றுச்சீட்டாம், வேலையைவிட்டு நீக்கி. நம் வீடும் ஒன்று. 24ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, லயத்தைவிட்டு வெளியேற வேண்டும். வேறு தோட்டம் எடுக்காது.

ஒரே வழி. திங்கள் காலை, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்கு ஆள் கூட்டத் தப்பு அடிப்பார்கள். ஒரு பெண்ணும் கூடை தூக்கக்கூடாது. கொழுந்து முற்றினால் துரை பேச வருவார்.

உன்னால் முடியுமா?

உன் லியோன்


சேசு மரி சூசை துணை

ஹந்தானை
17.11.39

அன்புள்ள மச்சானுக்கு றீற்றா எழுதுவது,

அம்மாவுக்கு இருமல் குறையவில்லை. கஞ்சி மட்டும் இறங்குகிறது. உங்கள் கடிதம் அத்தர் மணக்கிறது. பக்கத்து வீட்டு வீரம்மா மோந்து பார்த்துவிட்டு, "கண்டியில ஒம் புருசன் யாரு கூட இருக்காரு?" என்று கேட்டாள். சிரித்து எத்தனை நாள்.

பெண்கள் பயப்படுகிறார்கள். பெரிய கங்காணி வாசல் வாசலாக நின்று, "சங்கமா ஒங்களுக்குச் சோறு போடும்?" என்று கேட்டுவிட்டுப் போனார். வெறும் பேச்சு நிற்காது என்று தெரிந்தது. நேற்று ஜெபமாலை முடிந்ததும் மாதா சுரூபத்தின் முன்னால் எல்லாரையும் நேர்ச்சை செய்ய வைத்தேன். "திங்கக்கெழம வேலைக்குப் போக மாட்டோம், தாயே." வீரம்மா நம் வேதக்காரி இல்லை. அவள்தான் உரக்கச் சொன்னாள்.

சங்கத்துக்குக் கொடுத்த வாக்கை மீறினாலும் மாதாவுக்குக் கொடுத்ததை மீற மாட்டார்கள்.

உங்கள் றீற்றா


மஹய்யாவ
18.11.1939

றீற்றா,

நேர்ச்சையைச் சொன்னேன். எங்கள் செயலாளர் சுந்தரலிங்கம் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்மிடம் வேறு என்ன இருக்கிறது?

ஹந்தானை நின்றால் நாங்களும் நிற்போம் என்கின்றன மற்றத் தோட்டங்கள். நிற்காவிட்டால் சங்கம் இல்லை. வீடும் இல்லை.

லியோன்


சேசு மரி சூசை துணை

ஹந்தானை
20.11.39

மச்சானுக்கு,

அம்மா விடியுமுன் போய்விட்டார்.

சாவு விழுந்தால் தப்பு சாவு வீட்டுக்குப் போய்விடும், பிரட்டுக்கு அடிக்காது. துரை தானே வந்து, தொப்பியைக் கழற்றி, லயம் முழுவதற்கும் இன்று லீவு என்றார். பெட்டிக்குப் பலகை அனுப்பினார். நேர்ச்சை செய்த அதே பெண்கள் அவரைக் கும்பிட்டார்கள்.

பின்னேரம் அடக்கம். சங்கப் பேச்சு எடுக்காவிட்டால் உங்களை உள்ளே விடுவதாகக் கங்காணி சொல்கிறார். வாங்க.

றீற்றா


மஹய்யாவ
20.11.1939

றீற்றா,

நானா வாசலில் நிற்கிறார். சுருக்கமாக எழுதுகிறேன்.

இன்று அடக்கம் வேண்டாம். அத்தையை நாளைவரை வைத்திரு. தூரத்து உறவு வர வேண்டும் என்று சொல். பிணம் கிடக்கும்வரை லயத்தில் யாரும் கூடை தூக்க மாட்டார்கள். துரை தந்தது ஒரு நாள். நாளை தப்பு அடிக்கச் சொல்வார். நம் பெண்கள் போக மாட்டார்கள். அதுதான் வேலைநிறுத்தம்.

மற்றத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிவிட்டேன். நான் இங்கே இருக்க வேண்டும்.

வைத்திரு.

லியோன்


ஹந்தானை
22.11.39

லியோனுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது பெட்டி திறந்திருந்தது. வாசித்தேன். மூடச் சொன்னேன்.

மருமகன் போட வேண்டிய மண்ணைத் துரை போட்டார்.

செவ்வாய் தப்பு அடித்தது. எல்லாரும் போனார்கள். வீரம்மாவின் கூடையைப் பிடித்து இழுத்தேன். "விடு புள்ள. திங்கக்கெழமன்னுதானே தாய்கிட்ட சொன்னோம்? போகலியே. நேர்ச்ச தீந்துருச்சு" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. ஒரு நாளுக்கு மட்டும் அவர்களைக் கட்டியவள் நான்.

நீங்கள் சொன்னபடி வைத்திருந்தால் நின்றிருப்பார்கள். அதையும் எழுதிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை நாலு வீடும் இறங்குகிறோம். முஹைதீன் நானா கடைக்குப் பின்னால் ஒதுங்க ஒரு சாய்ப்பு தருகிறார். நான் சங்கத்தில் சேர்த்த மூன்று குடும்பத்தையும் தெருவில் விட்டுவிட்டு உங்கள் அறைக்கு வர மாட்டேன். சங்கத்து விஷயம் இருந்தால் எழுதுங்கள். அதற்குப் பதில் போடுவேன்.

திங்கட்கிழமை வந்த தாளை மறுபக்கமும் திருப்பிப் பார்த்தேன், அம்மா செத்ததற்கு ஒரு வார்த்தை இருக்கும் என்று.

றீற்றா