சாப்பாட்டுக்கு அப்புறம்

26 ஜூன் 2025, வியாழன்

அங்கன்வாடியில் இன்று காலை இருந்தவர்கள்: பிபி மெஷினோடு வந்த ஹெல்த் ஒர்க்கர் ரேவதி, அடுத்த வீட்டு கைசர் ஜஹான், பூ கட்டும் எல்லம்மாள், மளிகைக் கடை சக்கரவர்த்தி, அவர் சம்சாரம் மணிமொழி, நான். ரேவதியை விட்டுவிட்டால் ஐந்து பேர். நாலு பேருக்கு பிபியோ சர்க்கரையோ இருக்கிறது. எல்லம்மாளுக்கு இரண்டும். மணிமொழி மட்டும் தப்பித்தாள்.

பீடியை விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு என்றார் சக்கரவர்த்தி.

"அப்ப நேத்து மாடியில வந்த பொகை என்னா, சாம்பிராணியா?" என்றாள் மணிமொழி. எல்லோரும் சிரித்தோம். நான் வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்றோ.

"பெரியவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு பிபினு சொல்றாங்க. உங்க தெருவுல அதுக்கும் ஜாஸ்தியா இருக்குதே," என்றாள் ரேவதி.

எனக்கு 168/100. மாத்திரை போடறீங்களாக்கா என்று கேட்டாள். போடறேன் என்றேன். வீட்டில் யாருக்காவது ஹார்ட் இருந்ததா? எங்க வீட்டுக்காரருக்கு என்றேன்.

"அப்ப பையனுக்குப் பாத்தீங்களா?"

கேட்டுப் பாக்கறேன் என்றேன்.

கைசர் ஜஹான் நாலு வருஷமாக மாத்திரை போடுகிறாளாம். எங்களுக்கு நடுவில் ஒரு சுவர்தான். அவளும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை.

27 ஜூன்

பிபி செக் பண்ணிக்கோ கண்ணு என்று அருண்பிரசாத்துக்கு மெசேஜ் போட்டேன். ஓசூரிலிருந்து கட்டை விரல் வந்தது. எதற்கும் அந்தக் கட்டை விரல்தான். சாப்பிட்டியா என்றாலும் அதே.

30 ஜூன், திங்கள்

சோமவார விரதம். சாயந்திரம் ஒரு டம்ளர் பால், அவ்வளவுதான். திங்கள், பிரதோஷம், கிருத்திகை, பௌர்ணமி - அவர் போனதிலிருந்து எல்லாம் அருணுக்காக. அண்ணாமலையார் அவனையாவது எனக்கு விட்டுவைக்கட்டும்.

இன்று மாத்திரை இல்லை. சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு என்றுதானே டாக்டர் சொன்னார்? சாப்பாடே இல்லாத நாளில் அது எதற்கு? அட்டையில் மீதி நிற்பதைக் கழித்துக்கொண்டுதான் அடுத்த மாசத்துக்கு வாங்குகிறேன். ஒன்றும் வீணாகக் கூடாது.

3 ஜூலை

ஒரு ஆளுக்குக் குழம்பு வைப்பது கஷ்டம். எப்படி வைத்தாலும் இரண்டு பேருக்கு ஆகிவிடுகிறது.

கடைசியாக அவர் என்னிடம் கேட்டது ஒரு சோடா. நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே, "கேஸ்தான், ஒரு சோடா வாங்கியா" என்றார். வாங்கி வந்தேன். மூடிகூடத் திறக்கவில்லை. நாற்பத்தொன்பது வயசு. ஒருநாளும் அந்த மெஷினில் கை வைத்ததில்லை. வை என்று சொல்லவும் எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

8 ஜூலை, செவ்வாய்

பிரதோஷம். காலையிலிருந்து பின்மண்டை வலி. யார்கிட்ட சொல்றது?

11 ஜூலை, வெள்ளி

நேற்று பௌர்ணமி. கிரிவலம் போனேன். அடி அண்ணாமலை தாண்டுவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஜனம் போய்க்கொண்டே இருக்கிறது, எல்லார் வாயிலும் அரோகரா. அத்தனை காலில் ஒன்றுகூட எனக்குத் தெரிந்த கால் இல்லை. கற்பூரம் விற்கிற அம்மா தண்ணீர் கொடுத்து, "ஒத்தையாவா வந்த?" என்றாள். தலையை ஆட்டினேன்.

ஆட்டோவில் வந்து இறங்கியதைக் கைசர் ஜஹான் பார்த்துவிட்டாள். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள்.

"மாத்திரை போட்டீங்களாக்கா?"

"விரதம்மா. சாப்பிடல, அதான் போடல."

"இன்னிக்கி மட்டுமா?"

"எல்லா விரதத்துக்கும்தான்."

நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நாங்க ஒரு மாசம் நோன்பு வெக்கறோம். நான் முன்னாடியே டாக்டர்கிட்டப் போயி நேரத்த மாத்தி வாங்கிக்குவேன். மாத்திரை போட்டா உங்க சாமி கோவிச்சிக்குவாரா?"

அங்கேயே ரேவதிக்குப் போன் போட்டாள். ரேவதி வந்து பார்த்து, கையோடு டாக்டரிடம் கூட்டிப் போனாள். இந்த மாத்திரைக்குச் சாப்பாடு வேண்டாமாம். தண்ணீர் போதுமாம். ஒரு நாளும் விடக் கூடாதாம்.

அவனுக்காக இருந்த விரதம். அதுலயே நான் போயிருந்தா? அப்பனும் இல்ல, ஆத்தாளும் இல்லன்னு அவன நிக்க வெச்சிருப்பேனே. இது என்ன வேண்டுதல்?

14 ஜூலை, திங்கள்

சோமவாரம். விளக்கேற்றி, விபூதி இட்டுக்கொண்டு, தண்ணீரோடு மாத்திரை போட்டேன். விரதம் விரதமாகவே இருக்கிறது.

சுவரில் டொக் டொக் என்று சத்தம். "அக்கா, போட்டாச்சா?"

"போட்டாச்சு. நீ?"

"இதோ, வாயில தண்ணி."

16 ஜூலை, புதன்

அருணுக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

கண்ணு, அம்மாவுக்கு ரெண்டு வருஷமா பிபி இருக்குது. நீ பயப்படுவனு சொல்லல. போன பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில உக்காந்துட்டேன். இப்ப பரவால்ல, மாத்திரை ஒழுங்கா போடறேன். அப்பா ஒருநாளும் பாத்துக்கல. நீ இந்த வாரமே போயி பாரு. கட்டை விரல் வேணாம். மேல எவ்ளோ, கீழ எவ்ளோ, ரெண்டு நம்பரும் எழுதி சீக்கிரம் பதில் போடு.