ஜெகா என்றொரு பிழை

2025 மார்ச் 3, திங்கள்

இன்று ஐந்து பேர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தார்கள். வழமைபோல எங்கள் மூத்த நிரலாளர் றேமண்ட்தான் அவர்களுக்குக் கதை சொன்னார். புளூடூத் என்பது டென்மார்க்கின் பழைய ராசா ஒருவரின் பட்டப்பெயர். ஜாவா, கோப்பியின் பெயர். பிழையை ஏன் 'பக்' என்கிறோம், இயந்திரத்துக்குள் ஒருமுறை உண்மையாகவே பூச்சி அகப்பட்ட கதை, எல்லாம். பிறகு,

"எங்கட ஒஃபிஸிலயும் ஒண்டு இருக்கு. சிஸ்டம் உறைஞ்சு நிண்டா அதுக்குப் பேர் ஜெகா. அங்க இருக்கிறா பாருங்கோ, வந்த முதல் கிழமையே எல்லாத்தையும் விழுத்தினவ."

ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். வருசக்கணக்காச் சிரிக்கிறன். ஏன்?

மார்ச் 4

நடந்ததை ஒருமுறை நேராக எழுதுகிறேன். பிழை தேடுவதுதான் என் வேலை. ஆஸ்பத்திரிகளில் நோயாளர்களைப் பதியும் மென்பொருளை றேமண்ட் எழுதியிருந்தார். சேர்ந்த கிழமை, பெயர் கேட்ட இடத்தில் என் முழுப்பெயரை அடித்தேன்: கனகசபாபதி ஜெகதீஸ்வரி. உறைந்துவிட்டது. ஒருவருக்கு இவ்வளவு நீளமாகப் பெயர் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை.

நான் விழுத்தவில்லை. விழும் என்று காட்டினேன்.

"உம்மட பேர்தான் பிழை" என்று சிரித்தார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சின்ன டிஸ்பென்சரிகளுக்கு இது போதும் என்று பிழையை அப்படியே விட்டுவிட்டார்கள்.

மார்ச் 6

ஒரு பெரிய ஆஸ்பத்திரி இதை வாங்குகிறது. அவர்களுக்கான வழிகாட்டிக் கையேடு இன்று என்னிடம் வந்தது. 'ஜெகா பிழை ஏற்பட்டால் நோயாளியின் பெயரைச் சுருக்கவும்.'

என் பெயர் அச்சில். அதுகூடப் பரவாயில்லை. சுருக்கவும் என்றால்? கனகசபாபதி உமாசுதன், கனகசபாபதி உஷாந்தி என்று இரண்டு பேரைப் பதியப் பார்த்தேன்; இரண்டுக்கும் உறைந்தது. சுருக்கினால் இரண்டு பேருமே கனகசபாபதி உ. ஆற்ற ரத்தப் பரிசோதனை முடிவு ஆருக்குப் போகும்? வெள்ளவத்தையில ஒரு கிளினிக்கில நிண்டு கனகசபாபதி எண்டு கூப்பிட்டா அப்பாவோட இன்னும் ரெண்டு பேர் எழும்புவினம்.

மார்ச் 7

என் ஒப்புதல் இல்லாமல் மென்பொருள் வெளியே போக முடியாது. தரமாட்டேன் என்று றேமண்டிடம் சொல்லிவிட்டேன்.

"ஒரு பகிடியைப் பெரிசாக்கிறீர், ஜெகா. நேர்ஸ்மார் சுருக்கி அடிப்பினம், அவ்வளவுதான்."

"கொட்டாஞ்சேனையில இருக்கிற உங்கட அம்மா மருந்தெடுக்கப் போனா, அவவையும் சுருக்கட்டோ?"

எழும்பிப் போய்விட்டார். சொன்னது கூடிப்போச்சோ? இல்லை. கூடேல்ல.

மார்ச் 10

மத்தியானம் என் மேசையில் ஒருவரும் வந்து இருக்கவில்லை. இருக்காட்டிப் போகட்டும். புட்டும் கத்தரிக்காய்ப் பொரியலும் நல்லாத்தான் இருந்தது.

மார்ச் 11

எங்கள் தலைமை அதிகாரி நிம்றா எல்லோரையும் கூப்பிட்டார். அவருக்கு அவசரம்.

"ஜெகா, அந்தப் பேர மாத்திட்டாச் சரிதானே?"

"பேர் இருக்கட்டும் மிஸ். பிழையைத் திருத்தோணும். அதுக்குச் சொல்லுற கதையையும்."

திரையில் அந்த இரண்டு பேரையும் அடித்து, உறைந்ததும் சுருக்கிக் காட்டினேன். கனகசபாபதி உ. கனகசபாபதி உ.

நிம்றா திரும்பினார். "றேமண்ட், இது ஜெகா உடைச்சதா? நீங்க எழுதினதே இப்படித்தானா?"

அவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார்: "நான் எழுதினது. ஜெகா அப்பவே காட்டினவ."

திருத்தி முடியும்வரை எதுவும் வெளியே போகாது என்று நிம்றா முடிவெடுத்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திப்போட்டு அழுதன். பயத்தில இல்லை. ஏன் இவ்வளவு காலம் விட்டன் எண்ட கோவத்தில.

ஏப்ரல் 21

றேமண்ட் திருத்திவிட்டார். தேடித் தேடி நீளமான பெயர்களை அடித்தேன். ஐந்து சொல்லில் வருகிற சிங்களப் பெயர்கள், கும்பிடுகிற சாமியெல்லாம் சேர்ந்த எங்கள் பெயர்கள். எல்லாமே உறையாமல் பதிவாகின.

பின்னேரம் அந்தப் புதுப் பிள்ளைகள் ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "ஜெகா எண்டு பேர் வந்தது, அதைக் கண்டுபிடிச்சது ஜெகா எண்டபடியால். பிழை விட்டது நான்." என்னைப் பார்க்காமலே சொன்னார்.

பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. "ஓம்" என்றேன்.

மே 5, திங்கள்

ஆஸ்பத்திரியில் முதல் நாள். பதிவு மேசைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருந்தவர் ஷபீகா என்ற தாதி. முதலாவதாக வந்த அம்மாவின் பெயர் ராஜராஜேஸ்வரி ஞானசம்பந்தம்.

"ராஜேஸ்வரி எண்டு மட்டும் போட்டாச் சரியா அம்மா?"

நான் வாய் திறக்க முதல் அந்த அம்மா கைப்பையை மேசையில் வைத்தார்.

"இல்லைப் பிள்ளை. முழுசாப் போடும்."

ஷபீகா முழுசாகவே போட்டார். அடுத்தவரைக் கூப்பிட்டார்.