வழிபாடு வழக்கொழிந்தது

சிகாச்
10 மே 1998

அன்புத் தங்கை எவுலாலியாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் உடம்பும் உன் அருங்காட்சியகமும் நலமாக இருக்கட்டும்.

மலைத் தாத்தாவை உங்கள் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டோம். யாருடைய நினைவிலும் மலையுச்சியை விட்டு இறங்காதவர், முதல் பயணமே தலைநகருக்கு. தோமாசா அத்தை அவர் தலையில் புதுத்துணி கட்டி, மடியில் வழிச்சாப்பாடாகத் தமால் பொட்டலம் வைத்தாள். முதல் வளைவு தாண்டுவதற்குள் டிரைவர் அதைத் தின்றுவிட்டான் என்று பக்கத்து வீட்டு லோரென்சோ சொல்கிறான். "ஓட்டுறவன் வயிறு நெறைஞ்சாத்தானே தாத்தா ஒழுங்காப் போய்ச் சேருவாரு" என்று அத்தை தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

"கல்லைக் கொடுத்தா மலை சும்மா இருக்குமா?" என்று பெரியவர்கள் கேட்டார்கள். "அங்க என் தங்கச்சி இருக்கா, அவ பாத்துக்குவா" என்றேன். இந்த ஆண்டு ஊர்த் தலைமைக் கோல் என் கையில் இருப்பதால் நம்பினார்கள். கோல் பிடித்தவன் சொல்வதை நம்புவது நம் ஊரின் பழைய பலவீனம். அடுத்த ஆண்டு மழைக்குள் அவர் திரும்பிவிடுவார் என்பது உன் வார்த்தை. அதைத்தான் நான் என் வார்த்தையாக ஊருக்குக் கொடுத்திருக்கிறேன்.

நம் நாட்கணக்கில் இருநூற்றறுபது நாளுக்கு ஒருமுறை வரும் எட்டு பாட்ஸ்தான் அவருடைய நாள். அன்று அவர் வாயில் இரண்டு சொட்டுச் சாராயம் விடு. உங்கள் இடத்தில் அது நடக்காதென்றால் புட்டியைத் திறந்து பக்கத்திலாவது வை. வாசனை போதும் என்று சமாதானம் சொல்லலாம்.

உன் அண்ணன்,
திபுர்சியோ

தலைநகர்
2 ஜூன் 1998

அன்புள்ள அண்ணாவுக்கு,

தாத்தா பத்திரமாக வந்து சேர்ந்தார். ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வேலை என்று எங்கள் இயக்குநர் அம்மாள் கணிக்கிறார். மண்டியிட்ட உருவத்தில், நெஞ்சின் மேல் கை வைத்த இந்த அமைப்பை அவர் இதுவரை பார்த்ததே இல்லையாம்.

பெரிய கூடத்தில் வைத்திருக்கிறோம். வலப்பக்கம் பச்சைக்கல் முகமூடி, இடப்பக்கம் அரசர்கள் கொக்கோ குடித்த சித்திரக் குவளைகள், தலைக்கு மேல் தனி விளக்கு. இதற்கு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. மறைந்துபோன மக்களின் பொருள்களுக்குத்தான் இங்கே பெரிய கூடம். இன்றும் புழங்குகிற பொருள் என்றால் கைவினைக் கூடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அது கழிப்பறைக்குப் போகிற வழியில், கூடைகளும் துடைப்பங்களும் உள்ள இடம். தாத்தா துடைப்பத்துக்குப் பக்கத்தில் மண்டியிடுவதை நீ பொறுப்பாயா? ஆகவே விளக்க அட்டையில் ஒரு வரியைக் கொஞ்சம் வசதியாக எழுதினேன். அலுவலக வழக்கம்தான். நீ அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முகத்தைச் சுத்தம் செய்திருக்கிறார்கள். வாயைச் சுற்றியிருந்த கருப்பெல்லாம் போய்விட்டது. கண்ணாடிப் பெட்டியையும் மூடியாயிற்று, அதனால் சாராயம் விட வழியில்லை. அத்தையிடம் இதைச் சொல்ல வேண்டாம்.

உன் தங்கை,
எவுலாலியா

சிகாச்
4 செப்டம்பர் 1998

அன்புத் தங்கைக்கு,

நீ சொல்ல வேண்டாம் என்றதை நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே இருப்பவருக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று அத்தையாகவே கேட்டாள். விருந்துக்கு அனுப்பிய ஆளை அவருடைய நாளில் போய்ப் பார்க்காமல் இருப்பது மரியாதை இல்லை என்று ஊர் முடிவு செய்துவிட்டது. பதினேழாம் தேதி எட்டு பாட்ஸ். அத்தை, லோரென்சோ, நான், இன்னும் சிலர் வருகிறோம். எங்களுக்காகச் சமைக்காதே. தாத்தாவுக்குக் கொண்டுவருவதில் மிச்சம் இருக்கும்.

உன்னை வளர்த்தவள் உன் வேலையிடத்தைப் பார்க்கப் போகிறாள். ஒரு வாரமாக ஒரே மேல்சட்டையைத் துவைத்துத் துவைத்துக் காயப்போடுகிறாள்.

திபுர்சியோ

தலைநகர்
9 செப்டம்பர் 1998

அண்ணா,

தயவுசெய்து பதினேழாம் தேதி வேண்டாம். அன்று வெளிநாட்டு நன்கொடையாளர்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் கூடத்தைச் சுற்றிக் காட்ட வேண்டியவள் நான். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், கூட்டம் இருக்காது, நானே பேருந்து நிலையத்துக்கு வந்து அழைத்துப்போகிறேன். தாத்தா மூன்று நாள் பொறுத்துக்கொள்வார். எத்தனையோ நூற்றாண்டு பொறுத்தவர்தானே.

அவசரமாக எழுதுகிறேன், மன்னித்துக்கொள்.

எவுலாலியா

சிகாச்
27 செப்டம்பர் 1998

அன்புத் தங்கைக்கு,

ஒன்பதாம் தேதி நீ எழுதிய கடிதம் இருபதாம் தேதி வந்தது. நம் தபால்காரரைக் குறை சொல்லமாட்டேன். இறந்தவர்களுக்குக் கடிதம் கொண்டுவர அவர் ஏன் அவசரப்பட வேண்டும்?

நாங்கள் இறந்துவிட்ட செய்தியை உங்கள் கூடத்தில்தான் தெரிந்துகொண்டோம். லோரென்சோ எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான். 'மண்டியிட்ட தெய்வ உருவம். இதை வழிபட்ட மக்கள் மறைந்துவிட்டனர். வழிபாடு வழக்கொழிந்தது.' எழுத்து அழகாக இருந்தது.

அத்தைக்கு ஸ்பானிஷ் தெரியாதே. "என்னடா எழுதியிருக்கு?" என்றாள்.

"நாம செத்துப் போயிட்டோமாம் அத்தே."

"எப்போ?"

"அது போடல."

"போடணும்ல! கல்லறையில கூட தேதி போடுவாங்களே."

பிறகு அவள் பெட்டிக்குள் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு நின்றது. "வாயை ஏன்டா கழுவினாங்க?" என்று கேட்டாள். அந்தக் கருப்பு நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக ஊட்டிய சோறு என்று உனக்குத் தெரியும். உங்கள் ஆட்களுக்கு அது அழுக்கு. பட்டினி கிடக்கிறார் என்று சொல்லி, மடியிலிருந்த சாம்பிராணியை எடுத்து அவள் பற்றவைத்துவிட்டாள்.

மணி அடித்தது. காவலாளி ஓடிவந்தான். அப்போதுதான் நீ உன் விருந்தாளிகளோடு உள்ளே வந்தாய். "மேடம், உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்று அவன் கேட்டான். "இல்லை, ஏதோ கிராமத்திலிருந்து வந்திருக்காங்க போலிருக்கு. மெதுவா வெளியே அனுப்பிடுங்க" என்றாய். ஸ்பானிஷ் மிகச் சுத்தம். மெதுவாக என்று சொன்னதற்கு நன்றி. காவலாளி அப்படியே செய்தான், அவன் நல்லவன்.

வெளியே படியில் உட்கார்ந்து அத்தை கேட்டாள். "அந்தப் பொண்ணு நம்ம எவுலாலியா சாடையா இருந்தாளே?"

"தலைநகர்ல அந்த சாடையில நிறைய பேரு உண்டு அத்தே" என்றேன்.

அவளுக்குக் கண் மங்கல். அன்று அதற்காக நன்றி சொல்லிக்கொண்டேன்.

ஊருக்கு வந்து கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை. கேட்காததால்தான் கொடுத்தேன். மற்றபடி இங்கே எல்லோரும் மறைந்து, நலம்.

திபுர்சியோ

தலைநகர்
11 அக்டோபர் 1998

அண்ணா,

இந்தக் கடிதத்தை நிறைய தடவை தொடங்கிவிட்டேன். முதலில் எழுதியவற்றில் என் பக்க நியாயங்கள் இருந்தன. விருந்தாளிகள், விதிமுறை, கைவினைக் கூடத்துத் துடைப்பம். படித்துப் பார்த்தேன். நன்றாக எழுதியிருந்தேன். அதனாலேயே கிழித்துவிட்டேன்.

நான் யோசித்துப் பொய் சொல்லவில்லை. யோசித்திருந்தால்கூட கொஞ்சம் மரியாதை இருந்திருக்கும். காவலாளி கேட்டான், வாய் தானாகச் சொல்லிவிட்டது. உன்னை எனக்குத் தெரிந்தது. அத்தையின் மேல்சட்டையை, அவள் நெய்த அந்தச் சிவப்புக் கோடுகளை, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்தே தெரிந்தது. அதற்குப் பிறகுதான் "இல்லை" என்றேன். சொல்லிவிட்டு விருந்தாளிகளைக் குவளைகளின் பக்கம் அழைத்துப்போய், கைகள் கட்டப்பட்ட கைதிகளின் ஓவியத்தைப் பற்றி விளக்கமாகப் பேசினேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

அத்தை என்ன சொல்கிறாள்? நீ திட்டினாலும் பரவாயில்லை, எழுது.

எவுலாலியா

தலைநகர்
20 மே 1999

அண்ணா,

ஏழு மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. நியாயம்தான்.

ஒன்று செய்தேன். நிர்வாகக் குழு முன் போய், அன்று சாம்பிராணி கொளுத்தியவர் என்னை வளர்த்த அத்தை என்றும், அட்டையில் இருப்பது பொய், எழுதியவள் நான் என்றும் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்துத்தான் போனேன். இயக்குநர் அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா எவுலாலியா? உங்க ஊர் உடுப்பைப் போட்டுக்கிட்டு நீங்களே பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு விளக்கலாமே!" என்றார். தண்டனைக்குப் போன இடத்தில் பதவி உயர்வு கிடைத்தது. இதைவிட வெட்கக்கேடு வேறென்ன? மறுத்துவிட்டேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை.

அட்டையைக் கழற்றிவிட்டேன். தாத்தாவைத் திருப்பி அனுப்பவும் ஒத்துக்கொண்டார்கள். ஜூன் நாலாம் தேதி எட்டு பாட்ஸ் என்று எனக்குத் தெரியும். அதற்குள் அனுமதித் தாள் வராதாம், பத்தாம் தேதிக்கு மேல்தான் லாரி கிளம்பும். அதில் நானும் வரலாமா என்று கேட்க இதை எழுதுகிறேன். நீ சொன்னால்தான் ஏறுவேன்.

எவுலாலியா

சிகாச்
6 ஜூன் 1999

எவுலாலியாவுக்கு,

லாரி வேண்டாம்.

நீ மறுபடி ஒருமுறை மன்னிப்புக் கேட்பதற்கு முன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். உன் வார்த்தைப்படி மழைக்குள் அவர் வரவில்லை. வாய் கழுவிய கல்லில் தாத்தா தங்குவாரா என்று பெரியவர்களுக்கு ஏற்கெனவே சந்தேகம். நாலாம் தேதி மலைக்குப் போனோம். நாள் பார்ப்பவர்கள் அவரை அந்தக் கல்லிலிருந்து கூப்பிட்டு, பழைய இடத்துக்குப் பக்கத்தில் கிடந்த வேறொரு கல்லில் இறக்கினார்கள். வந்துவிட்டார் என்கிறார்கள். புதுக் கல்லுக்கு முகம் இல்லை, கை இல்லை, பார்க்க ஆட்டுக்குட்டி படுத்தது போலிருக்கிறது. எந்த இயக்குநருக்கும் பிடிக்காது. அதுவே அதன் பெரிய தகுதி.

ஆக, உங்களிடம் இருப்பது இப்போது வெறும் கல். கழற்றிய அட்டையைத் திரும்ப மாட்டிவிடு. அதில் உள்ள கடைசி வரி இப்போது உண்மை. நீ கொஞ்சம் அவசரப்பட்டு எழுதிவிட்டாய், அவ்வளவுதான்.

இதோடு முடித்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

புதுக் கல்லுக்கு ஊரைத் தெரியப்படுத்த வேண்டும். எதிரே நிற்பவர்களை அவரே கண்டுகொள்வார். வராதவர்களின் பெயரை வீட்டுக்கு ஒருவர் உரக்கச் சொல்ல வேண்டும். நம் வீட்டுக்கு நான் சொன்னேன். வடக்கே பிழைக்கப் போன நம் மத்தேயோவைச் சொன்னேன். காப்பித் தோட்டத்தில் இருக்கும் சித்தப்பாவைச் சொன்னேன். அடுத்தது நீ. நிறுத்திவிட்டேன்.

"இன்னும் ஒருத்தி இருக்காளே அண்ணே" என்று லோரென்சோ பின்னாலிருந்து சொன்னான்.

"அவ்வளவுதான், வேற யாரும் இல்ல" என்றேன்.

நீ சொன்னதாவது அந்நியர்கள் முன்னால். நான் சொன்னது அவர் முன்னால், நம் ஆட்கள் முன்னால், யோசித்து. கண்தான் மங்கல், அத்தைக்குக் காது நன்றாகக் கேட்கிறது. இறங்கி வரும்போது, "அன்னைக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னது அவதானே? எனக்கு அப்பவே தெரியும். அவ பயந்துட்டா. உனக்கு என்னடா வந்துச்சு?" என்று கேட்டாள். இரண்டு நாளாகத் தட்டில் டோர்டில்லாவை வைத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். இத்தனை மாதம் உன் தப்பை ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்துவிட்டேன். அன்றிலிருந்து குனிந்து நடக்கிறேன்.

விட்டுப்போன பெயரை இப்போது சேர்க்க முடியுமா என்று நாள் பார்க்கும் பெரியவரைப் போய்க் கேட்டேன். "முடியாது. அடுத்த எட்டு பாட்ஸ் வரட்டும்" என்றார். நான் வாசலிலேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஆனா அந்த ஆளே வந்து மலையில நின்னா, பேரு எதுக்குடா?" என்றார்.

லாரிதான் வேண்டாம் என்று எழுதினேன். உன்னை வேண்டாம் என்று எழுதவில்லை. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஒரு முழுக் கடிதம் தேவைப்பட்டிருக்கிறது.

உன் அண்ணன்,
திபுர்சியோ