குழந்தைகள் வார்டுக்கு நாங்கள் அடித்த பெயின்ட்

மார்ச் 3, செவ்வாய்
ஷிஃப்ட் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். எங்கள் சங்கத் தலைவர் இறந்துபோய் இந்த ஞாயிறோடு ஒரு வருஷம். எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். மாலை, மைக் எதுவும் வேண்டாம், குழந்தைகள் பிரிவுக்கு நாமே பெயின்ட் அடித்துக் கொடுப்போம் என்று சொன்னது நான். எல்லோரும் பாராட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆஸ்பத்திரி கிளார்க்குக்கு வாயெல்லாம் பல். "நல்ல வேளைம்மா. ஒரு பெயின்டர்கிட்ட பேசி வச்சிருந்தோம். வரவேணாம்னு சொல்லிட்டேன்." நானும் சேர்ந்து சிரித்தேன்.

மார்ச் 5
பக்கத்துத் தையல் மெஷின்காரி சாப்பாட்டு நேரத்தில் வாயே திறக்கவில்லை. குடைந்து கேட்டேன்.
"ஆஸ்பத்திரியில அவருக்குப் பத்து நாள் வேலை பேசியிருந்தாங்கக்கா. இப்ப நாமதான் சும்மா அடிச்சுத் தர்றோமே... விடுங்க, அண்ணனுக்காகத்தானே."
அவள் புருஷன் பெயின்டர் என்று எனக்குத் தெரியாதா என்ன? அன்றைக்கு அந்தக் கிளார்க்கிடம் யார் அந்தப் பெயின்டர் என்று ஒரு வார்த்தை கேட்டேனா?

மார்ச் 6
நிறுத்திவிடலாமா? நாற்பது பேருக்குச் சொல்லியாயிற்று. பனியனில் அண்ணன் முகம்கூட அச்சடித்தாயிற்று. இன்றும் யாரிடமும் சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு
அவர் வந்தார். அந்தப் பெயின்டர். சொந்த ஏணி, சொந்த ரோலரோடு!
"எங்கப்பா சாரத்துலேர்ந்து விழுந்தப்ப மூணு நாள் ராப்பகலா கூடவே நின்னவர் அண்ணன். நான் வராம இருப்பேனாக்கா?"
நாங்கள் அடித்த லட்சணம் — எங்கே பார்த்தாலும் வழிசல், திட்டுத் திட்டாக. அவர் எல்லாவற்றையும் சுரண்டி, தேய்த்து, மறுபடி அடித்தார். கூலிக்குச் செய்ய வேண்டிய அவர் வேலையை அவரே சும்மா செய்தார். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்காமல், பெயின்ட் தீரத் தீர ஊற்றிக் கொடுத்தேன். அன்றைக்கு ஒரு அறைதான் முடிந்தது; மீதி அறைகள் அடுத்தடுத்த ஞாயிறுகளுக்கு. கடைசியில் போட்டோவுக்கு என்னை நடுவில் நிறுத்தினார்கள். பல்லைக் காட்டினேன். சீ!

மார்ச் 9
வேலைநிறுத்தத்தின்போது கம்பெனி வெளியாட்களைக் கூட்டிவந்து எங்கள் மெஷின்களில் உட்காரவைத்தது. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அண்ணன் தடுத்தார். "திட்டாதம்மா. யார் சோத்துல கை வைக்கிறோம்னு அவங்களுக்குத் தெரியாது."
எனக்குத் தெரியுமே அண்ணே. தெரிஞ்சேதானே செஞ்சேன்.

மார்ச் 11
சங்கக் கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அண்ணன் நாள் நல்லபடியா முடிஞ்சப்புறம் இதை எதுக்கும்மா கிளப்புற, மானம் போகுது" என்றார் பொருளாளர். போகட்டும், போக வேண்டிய மானம்தான் என்றேன். மெஷின்காரி தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். மீதி அறைகளை நாங்கள் தொடுவதில்லை என்று முடிவாயிற்று.

மார்ச் 12
சங்கத்திலிருந்து ஐந்து பேர் ஆஸ்பத்திரிக்குப் போய், மீதி வேலைக்கு அந்தப் பெயின்டரையே கூப்பிடச் சொன்னோம். கிளார்க் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஐந்து பேரும் அவர் மேசையை விட்டு நகரவில்லை. சாயங்காலம் பெயின்டருக்குப் போன் போட்டார். மீதி அறைகளுக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் உழைத்ததற்கான கூலி போனது போனதுதான்.

மார்ச் 17
போய்ப் பார்த்தேன். இரண்டாவது அறையில் ஏணி மேல் நின்றிருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல் கீழே கிடந்த பிரஷ்ஷை எடுத்து, "ஓரமெல்லாம் நான் அடிக்கட்டுமா?" என்றேன்.
திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "பிரஷ்ஷைக் கீழ வைங்கக்கா. இது கூலி வேலை."
வைத்துவிட்டேன்.